காலுறைக்கு அளவு

கள்ளக்குறிச்சி
6.7.1986

செவ்வந்திக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே எல்லாரும் சுகம். நீயும் தம்பி தானியேலும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. போதகர் ஐயா எழுதச் சொன்னார். போன ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் என்னைத் தனியே கூப்பிட்டு, "ராணியம்மா, ஒரே வூட்டுல வாழ்ந்த ஓரகத்திங்க. ரெண்டு பேரும் பேசாம இருந்துகினு திருவிருந்துக்கு வந்தா எப்படிம்மா? மொதல்ல அந்தப் பொண்ணுக்கு ஒரு கடுதாசி போடுங்க" என்றார். நான் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். செயலாளரே திருவிருந்து அப்பம் வாங்கப் போகாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஆலயத் திருநாள் விருந்தில் சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டது நீ. அதில் சந்தேகமில்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "இவ கை பட்டா எதுவும் உருப்படாது" என்று நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். சபை நடுவில் சொன்னதற்காக வருந்துகிறேன்.

நீயும் ஒன்று செய்தாய். தம்பிக்கு வெள்ளிமலைப் பள்ளியில் வேலை கிடைத்து ஜூன் மாதம் சாமான் ஏற்றியபோது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் லாரியில் ஏறிப் போய்விட்டாய். நான் அடுப்பங்கரையில்தான் இருந்தேன். அதை மன்னித்துவிட்டேன்.

போதகர் ஐயா மாதம் ஒருமுறை அங்கே ஆராதனை நடத்த வருகிறார் அல்லவா, அவர் கையில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், மிளகுத்தூள் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தனித்தனிப் பொட்டலம், மேலே பெயர் எழுதியிருக்கிறது. கலந்துவிடாதே.

இப்படிக்கு,
ராணியம்மாள்

*

வெள்ளிமலை
20.7.1986

அன்புள்ள அக்காவுக்குச் செவ்வந்தி எழுதுவது.

நாங்கள் இரண்டு பேரும் சுகம். மாமா, பையன்கள், உங்கள் முட்டிவலி எல்லாம் எப்படி இருக்கிறது?

போதகர் ஐயா என்னையும் எழுதச் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். உப்புப் போட்டது நான்தான் அக்கா. ஆனால் இரண்டு முறை இல்லை, மூன்று முறை. ஒரு முறை நீங்கள் பார்க்கவில்லை.

லாரி ஏறிய அன்று அடுப்பங்கரை வாசல் வரை வந்தேன். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். முதுகிடம் என்னவென்று சொல்வது என்று திரும்பிவிட்டேன். அது தப்புதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓட்டு வீடு கொடுத்திருக்கிறார்கள். மழை வந்தால் ஒழுகாத இடமாகப் பார்த்துக் கட்டிலை நகர்த்துகிறோம். காலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து துணிக் கொடியில் உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் எனக்குச் சாமைச் சோறு ஆக்கக் கற்றுக்கொடுக்கிறாள். நான் குழையவிட்டாலும், "கஞ்சியா குடிச்சிக்கினா போவுது" என்கிறாள்.

பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. வழியில் பைக்குள் மழைத் தண்ணீர் புகுந்து நீங்கள் எழுதிய பெயரெல்லாம் அழிந்துபோய்விட்டது. இப்போது மூன்றும் ஒரே டப்பாவில் இருக்கிறது. குழம்பு நன்றாகத்தான் வருகிறது.

இன்னொரு செய்தி. கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து ஆண்டவர் என்னை நினைத்திருக்கிறார். நாலு மாதம் முடிந்துவிட்டது. விருந்தன்று எனக்கு வாயில் ருசியே தெரியவில்லை அக்கா. ஏன் என்று மலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

அன்புள்ள,
செவ்வந்தி

*

கள்ளக்குறிச்சி
25.7.1986

என் அன்பான செவ்வந்திக்கு,

நீ சுகமா, சாப்பாடு இறங்குகிறதா, காலில் வீக்கம் உண்டா என்பதை முதலில் எழுது.

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டப் போனேன். கடைசிப் பாராவுக்கு வந்ததும் படிக்க முடியாமல் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவர் சைக்கிள் கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். பையன்கள் எதற்கென்று தெரியாமலே தின்றார்கள்.

நீ தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. கட்டிலையும் நகர்த்தக் கூடாது. ஒழுகினால் தம்பி நகர்த்தட்டும். எலவனாசூர்கோட்டையில் உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் தலைப்பிரசவத்துக்கு அங்கே போவாய். இல்லாததால் இதுதான் உன் தாய்வீடு. டிசம்பர் பிறந்ததும் இங்கே வந்துவிடு. அதற்கு முன்னால் நான் அங்கே வந்து உன்னைப் பார்க்கிறேன். பையன்களுக்குக் காலாண்டு லீவு வருகிறதே, அக்டோபர் முதல் சனிக்கிழமை புறப்படுகிறேன்.

மிஷன் போர்டிங்கில் படித்தபோது கம்பளி நூலில் பின்னக் கற்றுக்கொண்டேன். அந்த ஊசிகளைத் தேடி எடுத்துவிட்டேன். மலைக்குளிருக்குக் குல்லாயும் சொக்காயும் இப்போதே தொடங்கினால்தான் முடியும்.

டப்பாவில் கலந்ததை வீசிவிடு. வேறு அனுப்புகிறேன்.

உன் அக்கா,
ராணியம்மாள்

*

வெள்ளிமலை
7.10.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். வயிற்றில் பிள்ளை நன்றாக உதைக்கிறது. அங்கே எல்லாரும் சுகம்தானே?

சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கே போய் நின்றேன். நீங்கள் வரவில்லை. மதிய பஸ்ஸில் வருவீர்கள் என்று அதற்கும் போனேன். கடைசி பஸ்ஸுக்கு உங்கள் கொழுந்தனார் வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். முந்தின நாளே வீட்டைக் கழுவி, பாத்திரமெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவர் உள்ளே வந்து, "இது நம்ம வூடுதானா, இல்ல வேற வூட்டுக்குள்ள நுழஞ்சிட்டேனா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உங்களுக்காகக் கோழி அடித்திருந்தேன். உப்பு ஒரே முறைதான் போட்டேன்.

உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று பயமாக இருக்கிறது. அப்படி இல்லாமல் மனதில் இன்னும் கோபம் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள் அக்கா. தெரிந்துகொள்வது நல்லது.

செவ்வந்தி

*

கள்ளக்குறிச்சி
14.10.1986

அன்பான செவ்வந்திக்கு,

எல்லாரும் சுகம். கோபம் ஒன்றும் இல்லை. அன்று பெண்கள் சங்கக் கூட்டம் வந்துவிட்டது. பிறகு மழை. பையன்களுக்கும் வேலை இருந்தது. நீ பஸ்ஸுக்குப் பஸ் போய் நின்றது சரியில்லை, இந்த நேரத்தில் அப்படி நிற்கக் கூடாது.

குல்லாய் முடிந்தது. டிசம்பர் முதல் வாரம் தம்பியோடு இங்கே வந்துவிடு.

ராணியம்மாள்

*

வெள்ளிமலை
28.11.1986

அன்புள்ள அண்ணிக்குத் தானியேல் வணக்கத்துடன் எழுதுவது.

நேற்று முன்தினம் விடியற்காலை செவ்வந்திக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சொன்ன நாளுக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. விடாத மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப் போக வழியில்லை. சுகாதார நிலையத்து நர்ஸம்மாவும் பக்கத்து வீட்டு அம்மாவும் கூட இருந்தார்கள். ஆண்டவர் கிருபையால் தாயும் பிள்ளையும் உயிரோடு நல்லபடியாக இருக்கிறார்கள். பிள்ளைக்கு அண்ணனுடைய நெற்றி. மற்றது பிறகு எழுதுகிறேன்.

தானியேல்

*

கள்ளக்குறிச்சி
9.12.1986

என் கண்ணான செவ்வந்திக்கும் என் மகளுக்கும்,

ஆயிரம் முத்தம். போஸ்ட்மேன் சடையன் கார்டைக் கொடுக்கும்போதே, "அம்மா, பொண்ணு பொறந்துக்குதுமா" என்றான். கார்டில் எழுதினால் ஊரே படிக்கும் என்று தம்பிக்குத் தெரியாதா? பரவாயில்லை. ஊருக்கும் தெரியட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உன் மாமா ஸ்தோத்திரக் காணிக்கை போட எழுந்தவர், எதற்கென்று சொல்ல வாய் வராமல் நின்றார். நான்தான் எழுந்து சொன்னேன்.

தம்பி எழுதினது ஒன்றும் போதவில்லை. நெற்றி மட்டும் எழுதியிருக்கிறார். மூக்கு யார் மாதிரி? நிறம் என்ன? முடி உண்டா? பால் குடிக்கிறாளா? மிளகும் பூண்டும் போட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிடு. பூண்டை நன்றாக வதக்கு.

இனி காலுறைதான் பாக்கி. மலையில் டிசம்பர்க் குளிருக்குப் பிள்ளையின் பாதம் சில்லிடக் கூடாது. ஒரு தாளில் பாதத்தை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. இரண்டு காலுக்கும் போட வேண்டும். அளவு வந்த அன்றே தொடங்கிவிடுவேன்.

உன் அக்கா,
பிள்ளையின் பெரியம்மா

*

வெள்ளிமலை
18.12.1986

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

பிள்ளைக்குத் தலை நிறைய முடி. காதுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது. மூக்கு உங்கள் கொழுந்தனார் மாதிரிக் கொஞ்சம் பெரிசு. நிறம் என் நிறம். கண்ணைத் திறந்தால் எதிரே இருக்கிறவர் யாராக இருந்தாலும் கணக்கு கேட்கிற மாதிரிப் பார்க்கிறாள். கையை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குகிறாள். குரல் பெரிய குரல். நீங்கள் அனுப்பிய குல்லாய் சரியாக இருக்கிறது. சொக்காய் கொஞ்சம் பெரிசு, வளர்ந்துவிடுவாள்.

காலுறை வேண்டாம் அக்கா. கம்பளியில் சுற்றியே வைத்திருக்கிறோம். உங்களுக்கு எதற்கு வீண் சிரமம்.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வரவில்லை. பிள்ளைக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது. அவர் மட்டும் ஒருநாள் வந்து போவார்.

செவ்வந்தி

*

கள்ளக்குறிச்சி
3.1.1987

அன்பான செவ்வந்திக்கு,

புது வருஷம் உங்கள் மூவருக்கும் சமாதானமாக இருக்கட்டும்.

தம்பி வந்தார். பலகாரம் கொடுத்துவிட்டு, "பாதம் இன்னா நீளம் இருக்கும், வெரல்ல அளந்து காட்டுங்க தம்பி" என்று கேட்டேன். "கடைக்குப் போய் அண்ணனப் பார்த்துட்டு வரேன் அண்ணி" என்று எழுந்து போனார். திரும்பி வந்த பிறகும் கேட்டேன். "செவ்வந்தி எழுதுவா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலுறை வேண்டாம் என்று நீ எழுதினபோது, என் பின்னல் பிடிக்கவில்லையோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, என்னிடமிருந்து எதுவும் வாங்கிக்கொள்ள உனக்கு மனமில்லையோ என்று நினைத்தேன். இரண்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. உன் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். தலை, மூக்கு, கண், கை என்று வந்து அங்கேயே நின்றுவிடுகிறது.

எதுவாக இருந்தாலும் எழுது செவ்வந்தி. எனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவாய்.

அக்கா

*

வெள்ளிமலை
17.1.1987

அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுதினதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

பிள்ளையின் இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பி இருக்கிறது. பிறந்தபோதே அப்படித்தான். நர்ஸம்மா துடைத்து என் பக்கத்தில் கிடத்தும்போதே காட்டிவிட்டார். "பயப்படாதம்மா, இதுக்கு வைத்தியம் கீது. திருக்கோவிலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டும்போனா வாரா வாரம் மாவுக்கட்டு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா நேராக்கிடுவாங்க. சீக்கிரம் போவணும்" என்றார். நான் போகவில்லை. திருக்கோவிலூருக்குப் போகிற வழி கள்ளக்குறிச்சி. உங்கள் வாசலைத் தாண்டாமல் எப்படிப் போவது?

உங்களைக் குத்துவதற்காக இதை எழுதவில்லை அக்கா. நம்புங்கள். ஆனால் அந்தக் காலைப் பார்த்ததும் என் காதில் கேட்டது உங்கள் குரல்தான். இவ கை பட்டா எதுவும் உருப்படாது. நான் வைக்கிற குழம்பு, நான் மடிக்கிற துணி, நான் கூட்டுகிற வாசல், எல்லாம் அரைகுறை. பிள்ளையையும் அப்படிப் பெற்றுவிட்டேன் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். மனதில் நினைப்பீர்களோ என்றுதான் மறைத்தேன். அவரையும் மறைக்கச் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அவர் அழுதுகொண்டே பஸ் ஏறினார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் பிள்ளையை வெயிலில் போட்டு எண்ணெய் தேய்க்கிறாள். இரண்டு காலையும் ஒரே மாதிரிதான் தேய்க்கிறாள். நான் ஒருநாள் அழுதபோது, "இன்னா இப்போ? புள்ள அழுவுது, குடிக்குது, தூங்குது. இன்னும் இன்னா வேணும் உனுக்கு?" என்று என்னைத்தான் அதட்டினாள்.

இத்தனை நாளும் பிள்ளையை நேராக்கும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பொங்கலன்று பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை அக்கா. வெட்கப்படுகிறது நான் மட்டும்தான். அன்றிலிருந்து என் வெட்கத்தை எடுத்துப்போடும் என்று கேட்கிறேன். எடுத்துவிட்டார் போலிருக்கிறது, எழுதிவிட்டேன்.

நீங்கள் கேட்ட அளவு இத்துடன் இருக்கிறது. இடது பாதம் தாளில் சரியாக உட்காரவில்லை. ஓரம் மட்டும்தான் கோட்டில் வந்தது.

செவ்வந்தி

*

வெள்ளிமலை
23.1.1987

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

நான் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். நீங்களும் பையன்களும் சுகமா? பருப்புப் பானை மேல் தட்டில் இருக்கிறது. உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒருநாளும் உங்களை விட்டு எங்கேயும் போனதில்லையே.

போகாததற்குக் காரணம் ஒன்று உண்டு. அதை இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கு வளைவில் வண்டி திரும்பினால் வயிறு புரளும். சின்ன வயதிலிருந்தே அப்படி. கல்யாணமான புதிதில் ஏற்காட்டுக்குக் கூப்பிட்டீர்கள், "எதுக்கு வீண் செலவு" என்றேனே, அது இதனால்தான். அக்டோபரில் சங்கக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. நான் பஸ் ஏறினேன். கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றபோது எதிரே மலையைப் பார்த்தேன். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் இறங்கி, வந்த வழியே திரும்பிவிட்டேன். நாலு பேர் நடுவில் நான் வாந்தி எடுப்பதா என்று இருந்தது. இதற்காகப் பிள்ளைத்தாய்ச்சியை நாள் முழுக்க பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்துவிட்டு, கூட்டம் என்று பொய் எழுதினேன்.

நேற்று அந்தத் தாளில் இருந்த கோட்டைப் பார்த்த பிறகு உட்கார முடியவில்லை. வரும் வழியெல்லாம் வாந்தி. ஒரு வளைவையும் விடவில்லை. பக்கத்தில் கூடையில் கோழி வைத்திருந்த ஒரு மலைக்காரம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டாள். "வந்தா எடுத்துடு தாயி, வெச்சிகினு இருக்காத" என்றாள். அவள் மடியிலேயே சாய்ந்துகொண்டேன். "ஆண்டவரே, வண்டியை நிறுத்தும்" என்று ஜெபம் பண்ணினேன். உடனே ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. எல்லாரும் டிரைவரைத் திட்டினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தலை கலைந்து, புடவை நனைந்து, ஒரு செருப்பைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். செவ்வந்தி பிள்ளையோடு வெளியே வந்து, "யாரு வேணும்?" என்றாள்.

"நான்தாண்டி."

"அக்கா? இன்னா இது கோலம்?"

"வாந்தி எடுத்தேன். கீழ இருந்து மேல வரைக்கும்."

"நீங்களா?"

"நான்தான். அக்டோபர்லயும் இதுக்குப் பயந்துகினுதான் வரல. கச்சிராயபாளையத்துல எறங்கி ஓடிட்டேன். கூட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவள் என் நனைந்த புடவையையும் ஒற்றைச் செருப்பையும் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து சிரித்தாள். "சிரிக்காதடி" என்று அதட்டினேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மாள் என்கிற அந்தப் பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து, யாருக்கு என்ன ஆனது என்று பார்த்தாள்.

பிறகு கம்பளியை விலக்கிப் பாதத்தைப் பார்த்தேன். உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி மடங்கி இருக்கிறது. விரல்கள் உங்கள் வீட்டு விரல்கள், பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம். அதை என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். "செவ்வந்தி, அந்த வார்த்தை என் வாயில இருந்து வந்தது. கோணல் என் வாய்க்குத்தான். உன் கைக்கும் இல்ல, இந்தக் காலுக்கும் இல்ல. என்னை மன்னிச்சிடு" என்றேன். போதகர் சொல்லி எழுதின மன்னிப்பு இல்லை இது. அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். புடவை நாறுகிறது என்று சொன்னேன். கேட்கவில்லை.

சாயங்காலம் தம்பி வந்ததும் மூன்று பேரும் முழங்கால் போட்டோம். சங்கத்தில் எல்லாரும் தூங்கிப்போகும் அளவுக்கு நீளமாக ஜெபம் பண்ணுகிறவள் நான். நேற்று, "ஆண்டவரே, எங்களைப் பாரும்" என்பதோடு எனக்கு நின்றுவிட்டது. செவ்வந்தி ஆமென் சொன்னாள். அது போதுமாக இருந்தது.

முன் அறையைக் காலி செய்து வையுங்கள். செவ்வந்தியும் பிள்ளையும் நம் வீட்டில் தங்குவார்கள், வாரம் ஒருமுறை திருக்கோவிலூருக்கு நான் கூட்டிப்போவேன். அது சமதளப் பாதை, ஒன்றும் செய்யாது. அடுத்த வாரம் சனிக்கிழமை கச்சிராயபாளையம் நிறுத்தத்தில் வந்து நில்லுங்கள். நான் எந்தக் கோலத்தில் இறங்குவேன் என்று சொல்ல முடியாது.

உங்கள்,
ராணி

*

கள்ளக்குறிச்சி
28.6.1987

பெரிய செவ்வந்திக்கும் சின்ன செவ்வந்திக்கும்,

நீங்கள் போய் இரண்டு வாரம்தான் ஆகிறது, வீடு வெறிச்சென்று கிடக்கிறது. எல்லாரும் சுகம். உன் மாமா தினமும் தூளி கட்டின இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறார். தூளியை அவிழ்க்கவும் விடவில்லை.

டாக்டர் சொன்னதை மறக்காதே. மாவுக்கட்டு முடிந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. பாதம் முக்கால்வாசி நேராகிவிட்டது, மீதிக்கு அந்தப் பூட்ஸ் ராத்திரியெல்லாம் காலில் இருக்க வேண்டும். உதைத்துக் கழற்றி எறிகிறாள் என்று எழுதியிருக்கிறாய். மறுபடி மாட்டு. நடக்கும்போது கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும் நடக்கட்டும் என்று டாக்டரிடம் நீ சொன்னபோது உன்னைப் பார்த்தேன். உன் முகத்தில் பயம் இல்லை. எனக்கும் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். ஞானஸ்நானத்தன்று நடந்ததை மலை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாய் என்று தம்பி எழுதியிருக்கிறார். நீ சொல்கிற விதம் தவறு. நடந்தது இதுதான்.

ஞானத்தாய் நான், பெயர் தேடினதும் நான். ஒரு மாதம் தேடி, "கிருபை மலர்" என்று முடிவு செய்து, அழைப்பிதழில் அச்சடித்தோம். ஞானத்தாய் எப்போது எழுந்திருக்க வேண்டும், எந்தக் கையில் பிள்ளையைத் தாங்க வேண்டும் என்று உங்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ஈஸ்டர் ஞாயிறு ஆலயம் நிறைய ஜனம். பிள்ளை கட்டுப்போட்ட காலால் என் வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தாள். போதகர் ஐயா தண்ணீரை அள்ளி, "இந்தப் பிள்ளைக்கு இன்னா பேரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்து, "செவ்வந்தி" என்றேன்.

நீ பின்னால் இருந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். உன் மாமா இருமினார். அதற்குள் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. ஊற்றினதைத் திரும்ப எடுக்க முடியுமா? போதகர் ஐயா ஒரு கணம் அழைப்பிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரவால்லமா. எந்தச் செவ்வந்தி யாருன்னு ஆண்டவருக்குத் தெரியும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த ஜெபத்துக்குப் போய்விட்டார். பெண்கள் சங்கம் மொத்தமும் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கியது. செயலாளராக நான் அதுவரை அப்படி ஒரு தவறு செய்ததில்லை. வெட்கத்தில் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். ஆனால் ஒன்றும் ஆகவில்லை. நானும் சிரித்துவிட்டேன், பிள்ளை கையிலிருந்து நழுவிவிடுமோ என்று உன்னிடம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்று நீ எல்லாரிடமும் சொல்கிறாயாம். எனக்குப் பதற்றமே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு இருந்தது சந்தோஷம் மட்டும்தான். அப்படிச் சந்தோஷமாக இருக்கிறவளிடம் திடீரென்று ஒரு பெயர் கேட்டால், நெஞ்சில் எது இருக்கிறதோ அதுதானே வரும். இதை மலையில் சொல், போ.

ஆகஸ்டில் வருகிறேன். பஸ்ஸுக்கு வந்து நிற்கும்போது ஒரு சொம்பு தண்ணீரும் மாற்றுப் புடவையும் கொண்டுவா. இரண்டு செவ்வந்திகளில் ஒருத்திக்கு முத்தம். இன்னொருத்திக்கு, பூண்டை இன்னும் கொஞ்சம் வதக்கலாம்.

அக்கா